மியூட்டில் போட்ட இருமல்

விளையாட்டு மறுபடியும் அதே இடத்தில்தான் நின்றது. மரப்பாலத்தில் கால் வைத்ததும் திரை உறைந்துபோய், ஹெட்செட்டில் கர்ரென்று ஒரு சத்தம். கம்ப்யூட்டர் ஹேங் ஆனால் கடைசியாக ஒலித்த துணுக்கையே திரும்பத் திரும்ப அரைக்கும் என்பது, அலுவலகத்தில் நாள் முழுக்க அடுத்தவர் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுகிறவனுக்குத் தெரியாததில்லை. ஆனால் அந்தப் பாலத்தில் சத்தமே கிடையாது. இல்லாத சத்தத்தை இது எங்கிருந்து எடுத்து அரைக்கிறது?

தங்கை போன பிறகு இன்றுதான் விளையாட உட்கார்ந்தான். அதுவும் அம்மாவின் பிடிவாதத்தால்.

"ரெண்டு பேரும் கத்திக் கத்தி வீட்டையே ரெண்டாக்குவீங்க. இப்ப பாரு, எப்படி இருக்குன்னு. கொஞ்ச நேரம் விளையாடுடா."

சுவருக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் தங்கை. விளையாட்டில் அவள் பெயர் மின்மினி. பத்தடி தூரத்தில் இருந்துகொண்டு, சண்டையும் கிண்டலும் எல்லாம் ஹெட்செட் வழியாகத்தான்.

சந்தேகமான பாகங்களை ஒவ்வொன்றாக மாற்று, ஒரே நேரத்தில் இரண்டில் கை வைக்காதே. அவன் தொழிலில் இதுதான் அரிச்சுவடி. முதலில் ரேம் என்ற நினைவகத்தை மாற்றினான். பாலத்தில் மறுபடி நின்றது. ஆனால் இப்போது கர்ர் சத்தம் கொஞ்சம் நீளமாக, ஏறி இறங்கியது. கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து உள்ளிருந்த மின்விசிறியைத் துடைத்தான். சூடான தூசியின் வாடைக்கு நடுவே, தங்கையின் இன்ஹேலர் வாசனை லேசாக மூக்கில் ஏறியது. மனப்பிராந்தி என்று சொல்லிக்கொண்டு பெட்டியை மூடினான். அடுத்த முறை ஹேங் ஆனபோது கேட்டது கர்ர் இல்லை, யாரோ மூச்சை இழுக்கிற சத்தம். பவர் சப்ளையையும் மாற்றினான்.

இருமல்.

ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தான்.

அவள் போன அன்று இரவும் இதே பாலம். அக்கரையில் ராட்சதன் காத்திருந்தான். வாரக்கணக்காக அவனை வீழ்த்த முடியவில்லை. தங்கை விடாமல் இருமிக்கொண்டிருந்தாள். "இருமித் தொலைக்காதடி, ஒண்ணும் கேக்க மாட்டேங்குது" என்று எரிந்து விழுந்து, அவள் குரலை மியூட்டில் போட்டான். அதன் பிறகு மின்மினி பாலத்தைவிட்டு அசையவில்லை. கோபித்துக்கொண்டாள் போலிருக்கிறது, கிடக்கட்டும் என்று தனியாகவே போய் ராட்சதனை வென்றான். வென்ற குஷியில் அப்படியே தூங்கியும் போனான். மத்தியானம் அவனை வம்புக்கிழுக்க வந்தவள் மறந்து வைத்துவிட்டுப் போன இன்ஹேலர் அவன் மேசையிலேயே இருந்தது.

காலையில் அவள் அறைக் கதவைத் திறந்தவள் அம்மா.

"கடைசியா உன்கிட்ட என்னடா சொன்னா?"

"தூக்கம் வருது, நாளைக்கு விளையாடலாம்னு சொன்னாம்மா."

அந்த ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா இன்று வரை நடமாடிக்கொண்டிருக்கிறாள். தூக்கத்திலேயே போய்விட்டாள், கஷ்டப்படவில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். அந்தப் பொய் உடைந்தால் அம்மாவும் உடைந்துவிடுவாள்.

மாற்றாதது ஹெட்செட் ஒன்றுதான். அதைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரை மாட்டினான். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. சமையலறையில் அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் இருந்தவரை அவனுக்குத் தைரியம் இருந்தது.

பாலத்தில் கால் வைத்தான்.

திரை உறைந்தது. பாலத்தின் நடுவே மின்மினி நின்றாள். தலைக்கு மேல் மியூட் அடையாளம், குறுக்குக்கோடு போட்ட மைக் படம். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மறைந்தது.

"அண்ணா."

இரண்டு ஸ்பீக்கரிலும். அறை முழுக்க.

"அண்ணா... மூச்சு விட முடியல... இன்ஹேலர் உன் மேசைல இருக்கு... எடுத்துட்டு வாண்ணா... கேக்குதா?"

சத்தத்தைக் குறைத்தான். குறையவில்லை. ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினான். பிளக்கைப் பிடுங்கினான். மின்விசிறி நின்றது. பெட்டியின் விளக்கு அணைந்தது. திரை அணையவில்லை.

"கேக்குதாண்ணா? கேக்குதா? கேக்குதா?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

அம்மா வாசற்படியில் நின்றாள். ஈரக் கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. திரையைப் பார்த்தாள். அவன் கையில் தொங்கிய பிளக்கைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தை.

"தூக்கம் வருதுன்னுதானேடா சொன்னா?"

வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. அடிவயிற்றிலிருந்து கத்தினான். நரம்பு புடைத்தது. உதடு அசைந்தது. ஒன்றுமே வரவில்லை.

"சொல்லுடா" என்றாள் அம்மா.

திரையில் மின்மினிக்குப் பக்கத்தில் அவனுடைய விளையாட்டு உருவம் நின்றது. அதன் தலைக்கு மேல் குறுக்குக்கோடு போட்ட மைக்.