ஒழுக்கு நின்ற நேரம்

"ஐயோ...!"

பகல் பன்னிரண்டரை மணி. வேலையிலிருந்து திரும்பிய அண்ணியின் அலறல் மாடியிலிருந்து கீழே தையல் கடை வரை வந்து விழுந்தது.

தையல்காரர் கத்தரியை மேஜையில் வைத்தார்.

மாடிக் குளியலறைத் தரையில் அவருடைய அண்ணன்... பின்மண்டையில் ரத்தம். உயிர் இல்லை!

ஒரு மணி நேரத்தில் டாக்டர் மாடியில் இருந்தார். இன்ஸ்பெக்டர் கடையில் இருந்தார்.

"அண்ணனுக்கும் உங்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லையாமே?"

"என்னத்தப் பேசறது சார்? அப்பா வீட்டைப் பிரிச்சப்போ மேல அவனுக்கு, கீழ எனக்கு. அவன் பாத்ரூம் நேரா இந்த மேஜைக்கு மேல! மூணு வருஷமா அவன் குளிக்கிறான், நான் நனையறேன்."

"கேட்டுப் பார்க்கலையா?"

"நடையா நடந்தேன். கதவையே திறக்க மாட்டான். 'குடையைப் பிடிச்சுக்கிட்டுத் தைக்கச் சொல்லு'ன்னு அண்ணிகிட்ட சொல்லி அனுப்பினான்!"

"இன்னிக்கு மேல போனீங்களா?"

"அந்தப் படியில கால் வச்சு ஆறு மாசமாச்சு."

இன்ஸ்பெக்டர் அண்ணாந்து பார்த்தார். கூரையில் பெரிய ஈரக்கறை. அதைச் சுற்றிச் சுற்றி நீல சாக்பீஸ் கோடுகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேதி, நேரம்!

"இது என்ன?"

தையல்காரரின் முகம் மலர்ந்தது.

"சாட்சி சார்! ஈரம் பரவப் பரவ மேஜை மேல ஏறிக் குறிச்சுடுவேன். துணியில கோடு போடற சாக்பீஸ்தான். கேஸ் போட்டா வேணும்ல? ஒரு நாள் விட்டதில்ல!"

"இன்னிக்கு?"

"இன்னிக்கா? கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு. நாளைக்குக் கொடுக்க வேண்டிய கோட்டு பாழ்!"

இன்ஸ்பெக்டர் மேஜை மேல் ஏறினார். உரக்கப் படித்தார்.

"ஒன்பதரை... ஆரம்பம். பத்து... வாளி நிறைந்தது. பத்து இருபது... நின்றது."

நிதானமாக இறங்கினார்.

"உங்க அண்ணி எட்டரைக்கே வேலைக்குப் போயிட்டாங்க. அண்ணன் வழுக்கி விழுந்து இடுப்பு முறிஞ்சு கிடந்திருக்கார். ஒரு இஞ்ச் நகர முடியாது. ஆனா பதினோரு மணி வரைக்கும் உயிர் இருந்துச்சுன்னு டாக்டர் சொல்றார். சொல்லுங்க... குழாயை மூடினது யாரு?"

தையல்காரர் அண்ணாந்து தன் கையெழுத்தைப் பார்த்தார்.

"நான் தள்ளலை சார்... திட்டத்தான் போனேன். கதவு திறந்திருந்துச்சு. கீழ கிடந்தான். குழாயை மூடினேன்..."

"அப்புறம்?"

"'தம்பி...'ன்னான். மூணு வருஷம் நான் கத்தினது அவனுக்குக் கேட்டுச்சா? எனக்கும் கேக்கலைன்னு இறங்கி வந்துட்டேன்."

"வந்து?"

"நேரத்தைக் குறிச்சேன்."

அப்போது வாசலில் ஓர் ஆள். தோளில் கருவிப் பை... பிளம்பர்!

"மாடி வீட்டுப் பெரியவர் இருக்காருங்களா? காலையில எட்டு மணிக்கு போன் பண்ணாரு. 'தம்பி கடை நனையுது, இன்னிக்கே சரி பண்ணணும்'னாரு. குழாயை நல்லாத் திறந்து விட்டு, தண்ணி எந்த ஓட்டையில இறங்குதுன்னு பார்த்து வைங்கன்னு நான்தான் சொன்னேன். கதவைத் திறந்தே வச்சிருக்கேன்னாரு. பத்து மணிக்கு வர வேண்டியது... கொஞ்சம் லேட்டாயிடுச்சு."

தையல்காரர் தரையில் சரிந்தார்.

"அண்ணா...!"

மூன்று வருஷமாக 'அவன்' என்றே சொல்லிப் பழகிய வாய் அது. இப்போது கூப்பிட்டு யாருக்குக் கேட்கப் போகிறது?

பிளம்பர் விழித்தார். "எங்கேங்க ஒழுகுது?"

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

"இனிமே ஒழுகாதுப்பா. தம்பியே போய் மூடிட்டு வந்துட்டார்... நேரம்கூட எழுதி வச்சிருக்கார்!"