புள்ளி விழாத தட்டு

அக்காவின் தட்டில் ஒரு புள்ளிகூட இல்லை.

மூன்றாவது வாரமாக இப்படித்தான். ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் பதினோரு வருஷமாக மூக்குச் சளியைத் தட்டில் தேய்த்து வளர்த்துப் பார்க்கிறவள் தங்கை. யார் மூக்கைத் துடைத்தாலும் மறுநாள் தட்டிலுள்ள ரத்தச் சிவப்புக் கூழின் மேல் வெள்ளையும் மஞ்சளுமாகக் கிருமிகள் முளைத்திருக்கும். தட்டுகளை வைத்து வளர்க்கும் சூட்டுப்பெட்டியைத் திறந்ததும் ஊறிய துணியின் நாற்றம் முகத்தில் அடிக்கும். நோயில்லாதவன் மூக்கும் சந்தைக்கடைதான். அக்காவின் தட்டு மட்டும் கழுவிக் கவிழ்த்ததுபோல் இருந்தது.

"சுத்தமா இருக்கா இல்லையா?" என்றார் பெரிய டாக்டர். "அதுக்குத்தானே மருந்து."

மூக்கில் அடிக்கிற மருந்து அது. தானாகக் கிருமியைக் கொல்லாது. உடம்போடு பிறந்த காவல்காரர்களை, வெள்ளை அணுக்களை, மூக்குத் தோலில் உசுப்பிவிடும், அவர்கள் கொல்வார்கள். அதே ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற அக்காவின் மூக்கில், சளிகூடப் பிடிக்காமல், கெட்ட கிருமி ஒன்று குடியிருந்தது. புது மருந்துச் சோதனைக்குக் கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் வேலை இல்லை என்றார்கள். போட்டாள்.

"கிருமி செத்து மூணு வாரமாச்சு சார். உசுப்பிவிட்டது அடங்கல. வேலியே பயிரை மேயுது. நிறுத்துங்க."

"நீ தட்டைப் பாரு. மூக்கை நான் பாத்துக்கறேன்."

ஒரு நாள்கூட அவர் பார்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தங்கை வீடு வந்து சேர்ந்தாள்.

சாயங்கால வெயில் இன்னும் சமையலறையில் கிடந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்து, கருகி, புகை கூடம்வரை கமறிக்கொண்டிருக்க, அடுப்பை ஒட்டியே நின்று அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. அவள் மூச்சு விடும்போதெல்லாம் கதவிடுக்கில் காற்று நுழைவதுபோல ஓர் ஊதல்.

"பால் கருகுறது தெரியலையாக்கா?"

"கருகுதா?" குரல் காலிப் பானைக்குள்ளிருந்து வந்தது.

"மூக்கு வலிக்குதா?"

"வலியா? தும்மியே ஒரு மாசமாச்சுடி. தலையே லேசா இருக்கு."

தங்கை டாக்டருக்குப் போன் போட்டாள். "சளி சாம்பிள் எடுத்துட்டு வா, பேசுவோம்" என்றார்.

"அவ உங்க சோதனை எலி இல்ல சார், என் அக்கா" என்று போனை வைத்தாள். ஆனாலும் சளி எடுக்கிற பஞ்சுக் குச்சியை எடுத்தாள். அவர் முகத்தில் விட்டெறிய ஏதாவது வேண்டும்.

ஜன்னலோரம் உட்காரவைத்து, முகவாயை நிமிர்த்தி, பஞ்சு முனையை உள்ளே விட்டாள். வழக்கமாகச் சற்று உள்ளே போனதும் தட்டும். அக்கா நெளிவாள், திட்டுவாள்.

தட்டவில்லை.

பக்கவாட்டில் சாய்த்தாள். சுவர் இல்லை. மேலே தூக்கினாள். கூரை இல்லை.

குச்சி போனது. இன்னும் போனது. அவள் விரல்நுனி அக்காவின் மூக்கில் முட்டியது.

"ஆச்சா?" என்றாள் அக்கா.

தங்கை போன் விளக்கைப் போட்டு மூக்குத் துவாரத்தில் பிடித்தாள்.

உள்ளே எதுவும் இல்லை.

விளக்கை மூக்கடியிலிருந்து எடுக்காமலே நிமிர்ந்தாள். அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கண்மணிகளும் உள்ளிருந்து சிவப்பாக ஒளிர்ந்தன.

"ஏன்டி நிறுத்திட்ட?"