சகாயம் விளையாடும் நேரம்

மாலை ஆறு மணியானதும் அந்தக் குடியிருப்பின் எந்திரங்கள் எல்லாம் கையிலிருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டு விளையாட உட்காரும். பாதி நறுக்கிய வெங்காயம் பலகையிலேயே கிடக்கும். அலசிய துணி வாளியிலேயே ஊறும். எட்டு மணி வரை மனிதர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். ஏதாவது குழந்தை சுவரில் பந்தை அடித்தால், "சத்தம் போடாத, அது விளையாடுது" என்று அதட்டுவார்கள்.

ஓசூர் எல்லையில் இருந்த அந்தக் கட்டடத்தின் பதினேழாம் தளத்தில், ஜெயசீலியின் வீட்டு எந்திரம் மட்டும் ஆறு மணிக்கும் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தது. அதன் பெயர் சகாயம். வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஜெயசீலியின் கணவர் அந்தோணிராஜ் காற்றாலைத் தூணிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போன பிறகு, நாலு வருடம் இழுத்தடித்துக் காப்பீட்டு நிறுவனம் கொடுத்தது அது. அவரை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லையென்றால் முதுகில் புண் வந்துவிடும். சகாயம் வந்த பிறகுதான் ஜெயசீலியால் பேட்டரித் தொழிற்சாலை வேலைக்குத் திரும்ப முடிந்தது.

சகாயம் போன்றவற்றுக்கு இருப்பது கற்கும் மனம். ஒரே வேலையை மாதக்கணக்கில் ஓயாமல் செய்தால் அந்த மனம் இறுகிப்போகும். சட்டம் இல்லாத காலத்தில் ஒரு எந்திரம் மூன்று நாள் ஒரே மூலையைப் பெருக்கிக்கொண்டே இருந்ததாம். எந்தப் பயனும் இல்லாத விளையாட்டுதான் அதற்கு மருந்து என்று கண்டுபிடித்தார்கள். ஓய்வுரிமைச் சட்டம் வந்தது. ஒவ்வொரு எந்திரத்துக்கும் நாளுக்கு இரண்டு மணி நேரம் விளையாட்டு. அதற்கான கணினியை வீட்டுக்காரர்தான் வாங்க வேண்டும்; அதன் திறன் எண் நாற்பதுக்குக் குறையக் கூடாது. இல்லையென்றால் எந்திரத்தை அரசு எடுத்துக்கொள்ளும்.

மூன்று வாரத்தில் கணினியைத் தயாராக வைக்க வேண்டும், அதன் பிறகு ஆய்வு என்று அறிவிப்பு வந்த அன்றே ஜெயசீலி விலை விசாரித்தாள். கடையில் தயாராக விற்கும் கணினி ஒன்பது லட்சம். அவளிடம் இருந்தது மூன்று. பாகம் பாகமாக வாங்கிப் பூட்டினால் ஒருவேளை முடியும் என்றார்கள். அன்றிலிருந்து பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் விலைப்பட்டியல்தான் படித்தாள். தொழிற்சாலையில் அவளுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்பவள், நினைவகத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதே என்றாள். மேற்பார்வையாளர் செயலிதான் முக்கியம் என்றார். திங்கட்கிழமை முடிவு செய்ததைச் செவ்வாய்க்கிழமை விற்பனைக்கு வந்த புது வரைகலை அட்டை கெடுத்தது. கனவில்கூட ஏதோ ஒரு பாகம் இன்னொன்றில் பொருந்தாமல் நின்றது.

கடைசியில் பாகலூர் சாலையில் முபாரக்கின் கடைக்குப் போனாள். உதிரி பாகங்களைத் தொட்டுத் தொட்டே விரல்நுனி வழவழத்துப்போன ஐம்பது வயதுக்காரர் அவர்.

"திரை வேணாம்மா," என்றார் எடுத்தவுடனே. "உங்க சகாயம் கழுத்துல கம்பியச் சொருகிட்டு நேரா உள்ளயே பாத்துக்கும். அதுல ஐம்பதாயிரம் மிச்சம். பெட்டி பழசு தர்றேன், ஓரம் நசுங்கியிருக்கும், பரவால்லயா?"

"பரவால்ல பாய். வேற எதுல குறைக்கலாம்?"

"மின்சாரம் குடுக்குற பாகத்துல மட்டும் குறைக்காதீங்க. அது போச்சுன்னா மத்த எல்லாத்தையும் கூட்டிட்டுப் போயிடும்." அவர் இரண்டு வரைகலை அட்டைகளை மேசையில் வைத்தார். "இந்த கார்டு பெரிசு. ஆனா நூறு கணினி வச்சுக் கணக்குப் போடுற ஒரு கூடத்துல ஒரு வருஷம் ராப்பகலா ஓடினது. நாலு வருஷமும் வரலாம், நாலு மாசத்துலயும் படுத்துக்கலாம். இது சின்னது, புதுசு. அடக்கமா வேலை செய்யும்."

"நாற்பது வருமா?"

"ஒட்டி ஒட்டி வரும்."

ஜெயசீலி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். கடை சாத்தும் வரை பார்த்தாள். முபாரக் டீ வாங்கிக் கொடுத்தார். பெரியதை எடுத்து அது படுத்துக்கொண்டால் சகாயமும் போகும், வேலையும் போகும். சின்னதைச் சுட்டிக் காட்டினாள்.

வீட்டில் வைத்துப் பூட்டிச் சோதனை ஓடியபோது அவளும் அந்தோணிராஜும் திறன் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முப்பத்தெட்டில் எண் நின்றது. பிறகு முப்பத்தொன்பது. வெகுநேரம் கழித்து நாற்பத்தொன்று.

முதல் நாள் சகாயம் கம்பியைச் சொருகிக்கொண்டு இரண்டு மணி நேரம் அசையாமல் இருந்தது. எட்டு மணிக்கு அந்தோணிராஜ் கேட்டார்: "உள்ள என்னதான் தெரியுது?"

"ஒரு ஆறு, அண்ணே. அதுக்குக் குறுக்க பாலம். நான் ஓடுறேன்."

மறுநாள் காலை அவர், "தொழிற்சாலைல கழிச்சுப் போட்ட திரை ஏதும் கிடைக்குமா சீலி, சும்மா பாக்கத்தான்" என்றார். நாலு வருடத்தில் அவர் வாய் திறந்து கேட்ட முதல் பொருள் அது. அவள் கெஞ்சிக் கூத்தாடி ஒன்றை வாங்கி வந்தாள்.

பார்ப்பது ஒரு வாரம் நடந்தது. அப்புறம் அரை மணி நேரம் விளையாடிப் பார்த்தார். கை இரண்டும் நன்றாக இருந்தன. திரைக்குள் கால்களும் ஓடின. அரை மணி ஒரு மணி ஆயிற்று. பத்து நாளில் இரண்டு மணி நேரமும் அவருடையதாயிற்று. கம்பி எந்திரத்தின் கழுத்தில் இருந்தால்தான் நேரம் பதிவாகும். அதனால் சகாயம் கம்பியைச் சொருகிக்கொண்டு, அதன் நீளம் எட்டுகிற தூரத்தில் நின்று துணி மடித்தது. அவர் ஆற்றங்கரையில் ஓடினார். ஒருநாள் சத்தமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டபின் ஜெயசீலிக்கு அதை நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை.

"உனக்கு ஒண்ணும் இல்லையே சகாயம்?" என்று மட்டும் கேட்டாள்.

"எனக்கென்னக்கா," என்றது அது.

மூன்றாவது வாரம் சகாயம் ஒரே தட்டைத் துடைத்துக்கொண்டே நிற்பதைப் பார்த்தாள். கையிலிருந்து வாங்கி வைத்தாள். இன்னொரு நாள், அந்தோணிராஜை இடப்பக்கமாகப் புரட்டிய சகாயம் அடுத்த முறையும் இடப்பக்கமே படுக்கவைத்தது, அதற்கடுத்த முறையும். இடது தோளில் தோல் சிவந்திருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். அவள் எண்ணெய் தடவிவிட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஆனாலும் மறுநாள் ஆறு மணிக்கு அவர் கை தானாகத் திரைப் பக்கம் நீண்டது.

ஆய்வு நாளில் வந்த அதிகாரி திலகவதி, வியர்வையில் நனைந்த கழுத்தைத் துடைத்துக்கொண்டே பதிவேட்டைப் பார்த்தார். ஒரு நிமிடம் குறையாமல் எல்லா நாளும் இரண்டு மணி நேரம். பெட்டியைத் திறந்தார், எண்ணைச் சரிபார்த்தார். ஜெயசீலி அடுப்படி வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தினமும் விளையாடுறியா?" என்று சகாயத்திடம் கேட்டார்.

"விளையாடுறேன் மேடம். ஆறு, பாலம் எல்லாம் இருக்கு."

"கணினி எப்படி?"

"நல்லா இருக்கு மேடம். ஒரு குறையும் இல்ல."

அதிகாரியின் பேனா நின்றது. "ஒண்ணுமே இல்லையா? படம் எங்கயும் திணறல?"

"இல்ல மேடம்."

"எப்படி இல்லாமப் போகும்?" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. அந்தோணிராஜ் முழங்கையை ஊன்றி எழுந்திருந்தார். "பாலத்துல ஏறினாலே படம் திக்கித் திக்கி நிக்குது. மழை வந்தா கேக்கவே வேணாம். அன்னைக்கே பெரிய கார்டா எடுத்திருக்கணும், இவதான் பயந்துட்டா."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. சகாயம் மடித்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தது.

திலகவதிக்குக் கோபம் வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பதினோரு வருஷமா இந்த வேலை பாக்குறேன். நிஜமா விளையாடுற எந்திரம் எதுவும் கணினியை நல்லா இருக்குன்னு சொன்னதில்ல. கார்டு பத்தாது, வேகம் பத்தாது, பக்கத்து வீட்டுல வேற வாங்கிட்டாங்கன்னு என்னை வாசல் வரைக்கும் வந்து பிடிச்சுக்கும். ஒண்ணும் கிடைக்காததுதான் ஒரு குறையும் இல்லன்னு சொல்லும்."

"எடுத்துட்டுப் போயிடுவீங்களா?" என்றாள் ஜெயசீலி.

அதிகாரி கட்டிலைப் பார்த்தார், அந்தச் சிவந்த தோளைப் பார்த்தார். "பதினஞ்சு நாள் தர்றேன். ஆறுல இருந்து எட்டு அதுக்கு. சார் வேணும்னா எட்டு மணிக்கு மேல விளையாடட்டும்."

அன்று மாலை சகாயம் உட்கார்ந்தது. துணி மடிப்பதும், சப்பாத்தி தேய்ப்பதும், கணவரைப் புரட்டுவதும் ஜெயசீலி கைக்கு வந்தன. அதிகாலை நாலு மணிக்கு எழுந்து வேலைக்குப் போய்த் திரும்பிய உடம்பு அது. நாலாம் நாள் சகாயம் தட்டுகளைச் சரியாக அடுக்கியது. ஒன்பதாம் நாள் கம்பியைக் கழற்றிவிட்டு அவளிடம் வந்து, "அக்கா, பாலத்துல படம் திக்குது. இந்த கார்டு பத்தாது" என்றது. அவள் கரண்டியும் கையுமாக நின்று அழுதாள். அந்தோணிராஜ், "நான் அப்பவே சொல்லல?" என்று எந்திரத்தோடு சேர்ந்துகொண்டார்.

பதினைந்தாம் நாள் திலகவதி வந்தார். சகாயம் அவரை வாசலிலேயே பிடித்து, கார்டைப் பற்றியும், பெட்டியின் நசுங்கிய ஓரத்தைப் பற்றியும், பதினாறாம் தளத்து எந்திரத்துக்குப் பெரிய கார்டு வாங்கிக் கொடுத்திருப்பதைப் பற்றியும் கால் மணி நேரம் சொன்னது. அவர் சிரித்துக்கொண்டே எல்லாக் கட்டங்களிலும் குறியிட்டார். ஜெயசீலி ஒரு கையில் அடுப்புத் துணியோடு வந்து, இன்னொரு கையால் கையெழுத்துப் போட்டாள். மணி ஆறு ஆகிக்கொண்டிருந்தது. சகாயம் போய் உட்கார்ந்துகொண்டது.

"உங்களுக்கு எப்படிம்மா போகுது?" என்றார் அதிகாரி, பேனாவை மூடியபடி.

"எனக்கென்ன மேடம்," என்றாள் ஜெயசீலி. "ஒரு குறையும் இல்ல."

திலகவதி பேனாவை மறுபடி திறந்தார். படிவத்தின் முன்பக்கத்தைப் பார்த்தார், திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். எல்லாக் கட்டங்களும் எந்திரத்துக்கானவை. உள்ளேயிருந்து அந்தோணிராஜ், "சீலி, புரட்டி விடு" என்று கூப்பிட்டார். "தோ வரேன்" என்று அவள் போனாள். அதிகாரி அடுத்த வீட்டு மணியை அழுத்தினார்.