சட்டை போட்ட சிடி பிளேயர்

சொய்லா பெரியம்மா சட்டை பின்னிப் போடாத பொருள் அரெலியின் வீட்டில் கிடையாது. டிவிக்கு ஒன்று, மிக்சிக்கு ஒன்று, கேஸ் சிலிண்டருக்குக்கூட ஒரு மஞ்சள் பாவாடை. அவர்களுடைய கடலோர ஊரான அல்வரதோவில் எல்லா வீட்டிலும் இந்தப் பழக்கம் உண்டுதான். ஆனால் பெரியம்மா ஊசியைக் கையில் எடுத்தால் வீட்டுப் பூனை கொஞ்சம் தள்ளிப் போய்த்தான் உட்காரும்.

அம்மா வடக்கே ஹூஸ்டனுக்கு வேலைக்குப் போன பிறகு, வீட்டைப் பார்த்துக்கொள்வது பெரியம்மாதான். போன வருடம் அம்மா அனுப்பிய சிடி பிளேயருக்கும் அவர் ஒரு சட்டை பின்னினார். ரோஜா நிறக் கம்பளி நூல், சுற்றிலும் கொசுவம். மூடியைத் திறக்க நடுவில் வட்டமாக ஓர் ஓட்டை. சட்டையைக் கழற்றவே வேண்டாம்!

இந்தச் சனிக்கிழமை அக்கா மகாலிக்குப் பதினைந்து வயது நிறைகிறது. அந்த ஊரில் அது கல்யாணத்துக்குக் குறையாத விழா. எல்லோர் முன்னாலும் அப்பாவும் மகளும் சேர்ந்து ஆட வேண்டும். அம்மாவால் வர முடியவில்லை. ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு சிடி கொடுத்து அனுப்பியிருந்தாள். அதில் ஆட்டத்துக்கான இசை இருந்தது. இசை முடிந்ததும் அம்மாவே பேசுவாளாம்.

வியாழக்கிழமை மாலை சிடியைப் போட்டார்கள். இறால் படகிலிருந்து அப்போதுதான் வந்த அப்பா, ரப்பர் பூட்ஸோடு ஆடினார். மகாலியின் காலை நன்றாக மிதித்தார். இசை எப்படியோ தட்டுத் தடுமாறி முடிந்தது. பிறகு அம்மாவின் குரல் வந்தது.

"என் கண்ணு மகாலி, உனக்கு... உனக்கு... உனக்கு... உனக்கு..."

"உங்கம்மா திக்கிப் பேசி நான் கேட்டதே இல்லையே! என்னைத் திட்டினாக்கூட மூச்சு விடாமத்தான் திட்டுவா" என்றார் அப்பா.

யாரும் சிரிக்கவில்லை. மகாலியின் கண் கலங்கிவிட்டது.

"சிடியில கீறல் விழுந்திருக்கும். பற்பசை போட்டுத் தேச்சா சரியாயிடும்னு என் ஃபிரெண்ட் சொன்னா" என்றாள்.

"ஐயோ, வேண்டாங்க்கா! அம்மா பேசினது இது ஒண்ணுதான் இருக்கு. இதையும் தேச்சுட்டா என்ன பண்ணுவே?"

அரெலி சிடியின் ஓரத்தை மட்டும் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. பிறகு அப்பாவின் பழைய பாட்டு சிடி ஒன்றைப் போட்டாள். அதுவும் நொண்டியடித்தது.

"சிடி மேல தப்பில்லப்பா. பிளேயர்லதான் ஏதோ இருக்கு."

"அப்படிப் போடு, என் குட்டி இறாலே!" என்றார் அப்பா. ஆனால் அதற்கு மேல் என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை.

மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் அரெலி பிளேயரின் பிளக்கைப் பிடுங்கினாள். மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். உள்ளே சிடியைப் படிக்கும் ஒரு சின்னக் கண்ணாடிக் கண். அதன்மேல் பஞ்சு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது.

ரோஜா நிறப் பஞ்சு!

அரெலி சட்டையைப் பார்த்தாள். மூடியைத் திறக்கும்போதெல்லாம் ஓட்டையின் விளிம்பிலிருந்து நூல் உதிர்ந்திருக்கிறது. பாவம், சட்டைக்குள் அந்தப் பிளேயர் புழுங்கியும் போயிருக்கும்.

விரலால் தொட அவளுக்குப் பயமாக இருந்தது. மருந்துப் பெட்டியில் காது கழுவும் ரப்பர் குமிழ் ஒன்று பிரிக்காமல் இருந்தது. அதை எடுத்து 'புஸ், புஸ்' என்று காற்றை அடித்தாள். பஞ்சு எழும்பிப் பறந்து அவள் மூக்கின்மேல் உட்கார்ந்தது.

சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, பிளக்கைச் செருகி அம்மாவின் சிடியைப் போட்டாள். இசை ஓடையாக ஓடியது. அது முடிந்ததும் குரல் வந்தது.

"என் கண்ணு மகாலி, உனக்கு ஒரு..."

அரெலி சட்டென்று நிறுத்திவிட்டாள்.

அடுத்த சொல்லைக் கேட்க அவளுக்கு அவ்வளவு ஆசை. அவளும் அம்மாவைப் பார்த்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஆனால் அது அக்காவுக்காகப் பேசிய பேச்சு. அக்காதான் முதலில் கேட்க வேண்டும்.

இப்போது இன்னொரு சிக்கல். சட்டையைத் திரும்பப் போட்டால் மறுபடியும் நூல் உதிரும். கழற்றிவிட்டால் பெரியம்மாவின் மனசு என்ன பாடுபடும்?

பெரியம்மா சமையலறையில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். எதிரே வெறும் உள்பாவாடையோடு ஒரு பொம்மை நின்றது. மகாலியின் கடைசிப் பொம்மை. பதினைந்து நிறைந்ததும் அதைத் தங்கைக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது ஊர் வழக்கம். அக்காவின் கவுன் நிறத்திலேயே பொம்மைக்கும் கவுன் வேண்டும்.

"ரோஜா கலர் நூலும் தீந்துபோச்சு, நேரமும் தீந்துபோச்சுடி. நாளைக்கு இது இப்படியேதான் நிக்கப்போகுது" என்றார் பெரியம்மா.

அரெலி பொம்மையைப் பார்த்தாள். ஓடிப்போய் அந்தச் சட்டையைக் கொண்டுவந்து, நன்றாக உதறி, பொம்மையின் தலை வழியாக மாட்டினாள். சிடி பிளேயரின் மூடிக்கான ஓட்டை பொம்மையின் இடுப்பில் வந்து நின்றது. கொசுவமெல்லாம் விரிந்து குடையாக நின்றது.

"ஆத்தாடி! இடுப்புல ஒரு ரிப்பன் கட்டினா மகாராணிதான்!" பெரியம்மா கைதட்டினார். பிறகு யோசித்தார். "அப்போ பிளேயர் சட்டையில்லாம நிக்குமே? குளிராதா அதுக்கு?"

"குளிராது பெரியம்மா. அதுக்குப் புழுங்குதாம்."

பெரியம்மா அவள் மூக்கில் ஒட்டியிருந்த ரோஜா நிறப் பஞ்சை எடுத்து உற்றுப் பார்த்தார்.

"என் நூல்தானா உள்ள போயிருந்துச்சு?"

"கொஞ்சூண்டுதான் பெரியம்மா."

பெரியம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை சிடி பிளேயர் சட்டையில்லாமல் மேசைமேல் காற்றாட இருந்தது. அப்பா புதுச் செருப்போடு ஆடினார். இரண்டே முறைதான் மிதித்தார். இசை தடுமாறவே இல்லை. பிறகு அம்மாவின் குரல் வந்தது.

"என் கண்ணு மகாலி, உனக்கு ஒரு வேலை சொல்றேன். கடைசிப் பொம்மையை அரெலிகிட்டக் குடுக்கறப்போ, எனக்கும் சேத்து அவளுக்கு ஒரு முத்தம் குடு. நல்லா அழுத்திக் குடு. நான் ரொம்ப நாள் கடன் வெச்சிருக்கேன்."

மகாலி பொம்மையோடு வந்து, அரெலியின் இரண்டு கன்னத்திலும் அழுத்தி முத்தம் கொடுத்தாள். கன்னமெல்லாம் சிவப்பு உதட்டுச் சாயம்.

"வா, துடைச்சு விடறேன்" என்று பெரியம்மா கைக்குட்டையோடு ஓடிவந்தார்.

"வேண்டாம் பெரியம்மா" என்று அரெலி கன்னத்தைப் பொத்திக்கொண்டாள். "இது அம்மா குடுத்தது."