அமோஸ் மூடிய குடுவை

"அடியே, இது டீயா, மையா?" என்று கேட்டுக் குடுவையை இறுக மூடி என்னிடமே திருப்பித் தந்தார் என் கணவர் அமோஸ்.

உருக்கிக் குடிக்க வாசலில் அடுக்கியிருந்த ஆற்றுப் பனிக்கட்டி தீர்ந்துவிட்டதால் அன்று காலை ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் டீ போட்டிருந்தேன். வடகோடியில், பாதி வருடம் உறைந்து கிடக்கும் எங்கள் கோபுக் ஆற்றங்கரையில் யாரும் அப்படிச் செய்வதில்லை. கிணற்றுத் தண்ணீர் துவைக்கத்தான். "டீப் பொட்டலம் சரியில்ல போல" என்றேன். சிரித்துக்கொண்டே போனார்.

நண்பகலில், கிணற்றருகே அவர் சறுக்குவண்டியில் ஏற்றும்போது டீசல் பீப்பாய் கவிழ்ந்தது. நிமிர்த்திக் கட்டிக்கொண்டு உறைந்த ஆற்றைக் கடக்கப் போனார். ஏப்ரலில் இளகியிருந்த பனிக்கட்டி அவரைத் தாங்கவில்லை; ஆற்றோடு போய்விட்டார்.

ஆகஸ்டில் கிணறு டீசல் நாறியது. கிணற்றுக்கு மேட்டில் இருந்த டீசல் தொட்டிகளின் மேலாளர் ஹார்லன், "அமோஸ் கொட்டியதே காரணம்" என்று அறிக்கை எழுதினார். ஊரும் தலையாட்டியது. நான் தண்ணீர் ஆய்வாளர் மார்த்தாவைத் தொலைபேசியில் அழைத்தேன். "செத்தவரு வந்து பதில் சொல்ல மாட்டாரு. நான் விடமாட்டேன்."

மார்த்தா வந்தார். என் நாத்தனார் டோரா சோதனைப் பாட்டில்களைச் சுமந்துகொண்டு அவர் பின்னாலேயே ஓடினாள். வீட்டில் அவருக்கு ஆற்றுத் தண்ணீரில் டீ கொடுத்தேன். அந்தக் காலையைப் பற்றியும் சொன்னேன். மார்த்தா கோப்பையையே பார்த்தார்.

"இதுவும் அதே பொட்டலமா?"

"அதேதான்."

"ஆனா இது சிவப்பா இருக்கே" என்றார்.

மறுநாள் ஊர்க்கூடத்தில் எல்லோர் முன்பும் விளக்கினார். "டீசலத் தின்னுற கிருமி மண்ணுல இருக்கு. முதல்ல தண்ணியில உள்ள பிராணவாயுவத் தீர்க்கும். அப்புறம் மண்ணுல உள்ள இரும்பக் கரைக்கும். டீசல் நாத்தம் வர்றதுக்கு முன்னாடியே அந்த இரும்பு கிணத்துக்கு வந்துடும்; அது பட்டா டீ கறுத்துடும். இந்தக் குளிர்ல அதுக்கு வருஷக்கணக்கா ஆகும்."

"இரும்பு எந்த மண்ணுலதான் இல்ல?" என்றார் ஹார்லன்.

"தொட்டிக்கு மேட்டுப்பக்கம் இருக்குற பள்ளிக்கூடக் கிணத்துல இல்லையே."

"அந்தத் தண்ணியில மூணு கப் போட்டுக் குடிச்சேன், சார்" என்றாள் டோரா. "செக்கச் செவேல்னு இருந்துச்சு. உங்களுக்கும் ஒண்ணு போடவா?"

கூடம் சிரித்தது. மார்த்தா சிரிக்கவில்லை. "அமோஸ் பீப்பாயக் கவுத்தது மத்தியானம். டீ கறுத்தது காலையில. அப்பவே உங்க தொட்டி ஒழுகிப் பல வருஷமாச்சு."

"ஒரு பொம்பளையோட ஞாபகத்த நம்பியா?"

நான் எழுந்து குடுவையை மேசைமேல் வைத்தேன். நாலு மாதமாக யாரையும் தொட விடாதது. அவர் திருகிய மூடியை நானே திறந்து கண்ணாடி டம்ளரில் ஊற்றினேன். மை மாதிரிதான் இருந்தது. மார்த்தா சோதனைத் தாளை நனைத்தார். இரும்பு என்று காட்டிச் சிவந்தது.

"இது ஞாபகம் இல்ல, ஹார்லன், டீ. குடிச்சுப் பாக்குறீங்களா?" என்றேன்.

தொட்டிக்கு அடியில் தோண்டிப் பார்த்தார்கள். அடித்தட்டு துருவேறி ஓட்டையாகியிருந்தது. அறிக்கையில் அமோஸின் பெயரை ஹார்லன் தன் கையாலேயே அடித்து நீக்கினார்.

ஆறு மறுபடி உறைந்துவிட்டது. பொட்டலத்தில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஆற்றுப் பனிக்கட்டியை உருக்கிப் போட்டால் டீ சிவப்பாகத்தான் இறங்குகிறது.