விரல் வைத்த ஓட்டை

தொட்டிக்கு அடியில் கிடந்த மரத்தூள் நனைந்திருந்தது. மழை பெய்து வாரமாகிறது. காவல்காரர் ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தார். டீசல்.

மரம் வெட்டும் இயந்திரங்களுக்காகச் சக்கரம் வைத்துக் காட்டுக்குள் இழுத்து வந்த இரும்புத் தொட்டி அது. ஆள் உள்ளே இறங்கிக் கழுவுகிற அளவு பெரிது. மேல்மூடிக்கு அவரே பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் முடிந்திருந்தார். எண்ணெய் விஷயத்தில் அவர் எவனையும் நம்புகிறவர் இல்லை, டிராக்டர் ஓட்டுகிற சொந்த மருமகன் உட்பட.

அடிப்பக்கத்தில் கட்டைவிரல் நுனி அளவுக்கு ஓட்டை. விளிம்பு வெளியே பார்த்து மடிந்திருந்தது.

"கல்லு அடிச்சா உள்ளதானடா ஒடுங்கும்?"

"துரு மாமா. தொட்டிக்கும் உங்க வயசுதான்," என்றான் மருமகன்.

"நான் ஒழுகலையே."

"உங்க மக வேற மாதிரி சொல்றா."

மரமுளை சீவி அடித்தார்கள். வெளியே வந்து விழுந்தது. தடிமனாக இன்னொன்று. அதுவும் விழுந்தது. கீழே ஓடை. அந்தத் தண்ணீரைத்தான் அடிவாரத்தில் மகள் குடிக்கிறாள், கைக்குழந்தைக்கும் கொடுக்கிறாள். ஓடைக்கு முன்னால் குழி வெட்டி, மரத்தூள் மூட்டைகளை அடுக்கி மறித்தாயிற்று. மூட்டைகளும் ஊறிக் கறுத்துவிட்டன. இனி ஒரு குடம் இறங்கினாலும் தாங்காது.

"நீங்க விரலை வெச்சு அடைச்சுக்கிட்டு இருங்க. முகாமுக்குப் போய் சோப்பும் காலி பீப்பாயும் எடுத்துட்டு வந்துடறேன். சோப்பைப் பிசைஞ்சு அப்பினா நின்னுடும்."

"பீப்பாய வித்துட்டு வந்து நிக்காத."

மருமகன் சிரிக்கவில்லை. "இதனாலதான் மாமா உங்ககிட்ட ஒருத்தரும் பேசறதில்ல."

டிராக்டர் சத்தம் வளைவுக்கு வளைவு தேய்ந்து, கடைசியில் காதுக்குள் மட்டும் மிச்சமிருந்து, அதுவும் போனது. வெட்டின அடிமரங்களின் பச்சை வாடையும் டீசல் நெடியும் கலந்து தொண்டையில் ஒட்ட, மரங்களின் நிழல்கள் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ள, அவர் ஈரத் தூளில் குந்தியபடி, வலது கட்டைவிரலை ஓட்டைக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மனைவி போனபிறகு வீட்டிலும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார். யாருக்கும் சொல்ல ஒன்றுமில்லை.

எண்ணெய் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க, இடதுகை முட்டியால் தொட்டியை மூன்று தட்டுத் தட்டினார்.

உள்ளே மூன்று தட்டு கேட்டது.

வெயில் இறங்கினால் இரும்பு சுருங்கும், சத்தம் போடும். அவருக்குத் தெரியாததா? இரண்டு தட்டினார். இரண்டு வந்தது. ஒன்று. ஒன்று. வெட்கத்தை விட்டுச் சொன்னால், கொஞ்சம் நன்றாகக்கூட இருந்தது. கேட்டதற்குப் பதில் வந்து எத்தனை காலமாயிற்று.

பிறகு இடுப்பைத் தடவினார். சாவி இருந்தது.

"யார்றா உள்ள?"

தட்டு இல்லை. விரல் நுனியில் அதுவரை குளிர்ந்த எண்ணெய் பட்டுக்கொண்டிருந்தது. இப்போது அது எண்ணெய் இல்லை. மெத்தென்று ஒன்று. வெதுவெதுப்பாக. மெல்ல அழுத்தியது.

கையை உருவிக்கொண்டார். பின்னால் விழுந்தார். டீசல் பீறிடும் என்று முகத்தை மறைத்தார்.

ஒரு சொட்டும் விழவில்லை.

ஓட்டையை உள்ளிருந்து ஒரு விரல் அடைத்திருந்தது. ஊறி, வெளுத்த விரல். நகம் இல்லை.

மூன்று தட்டு.

அவர் அசையவில்லை. விரல் சற்றே உள்ளே போனது. டீசல் நூலாக இறங்கி மூட்டைகளை நோக்கி ஓடியது. மறுபடி மூன்று தட்டு.

ஓடை. மகளின் குடம். குழந்தை.

தவழ்ந்து போய் மூன்று தட்டினார். விரல் திரும்பி வந்து அடைத்தது.

புரிந்துவிட்டது.

இருட்டியது. டிராக்டர் வரவில்லை. முட்டித் தோல் உரிந்தது. தட்டினார். பதில் வந்தது. தட்டினார். வந்தது.

அடுத்த முறை பதில் வேறு இடத்திலிருந்து வந்தது.

விரல் ஓட்டையிலேயே இருந்தது. தட்டு மட்டும் அவர் தலைக்கு மேலே, மூடிக்கு அடியில். பூட்டு ஆடியது.

அவர் தட்டினார்.