தோண்டாத குட்டை

பெருமாயியின் பாதங்கள் படத்தில் இல்லை.

ஜீவானந்தம் போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தான். ஊராட்சி அலுவலகத்தின் பின்னறைச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒட்டியிருந்த ஃபிளெக்ஸில், வறண்ட ஏரிக்குள் மம்பட்டியும் இரும்புச் சட்டியுமாக நூறு நாள் வேலைக்காரர்கள் வரிசைகட்டி நின்றார்கள். முன்வரிசையில் பெருமாயி. அவளுடைய நீல ரப்பர் செருப்பையும், அறுந்த வாரில் குத்தியிருந்த ஊக்கையும் காலையும் மத்தியானமும் பார்த்துப் பார்த்து அவனுக்கு மனப்பாடம். இன்று கணுக்காலோடு மண் ஏறியிருந்தது. அவளுக்கு மட்டும்.

பக்கத்திலிருக்கும் பிளீச்சிங் பவுடர் மூட்டை பட்டுச் சாயம் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, சுவரிலிருந்த படத்தையே இன்னொரு தடவை படமெடுத்துச் செயலியில் ஏற்றினான். வருகை பதிவாகிவிட்டது என்று வந்தது.

ஏரிக்குள் குட்டை வெட்டும் வேலை நடந்தது ஒரே ஒரு நாள், அதுவும் போட்டோவுக்காக. தினமும் இரண்டு வேளை, வேலையிடத்திலேயே புதிதாக எடுத்த படம்தான் வேண்டும் என்பது செயலியின் கணக்கு. சின்னப் படத்தைப் படம் எடுத்தால் விளிம்பு காட்டிக்கொடுத்துவிடும் என்று நாமக்கல்லில் பளபளப்பில்லாத ஃபிளெக்ஸாகவே அடித்துவந்தான். அலுவலகம் ஏரிக்கரை மேலேயே இருப்பதால் செயலி கேட்கும் இடமும் பொருந்திப்போனது. படத்தில் இருந்தவர்கள் கோழிப்பண்ணை வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் பேரில் ஏறும் கூலியில் அவர்களுக்கு ஒரு துளி, மீதி இவனுக்கும் இவனுக்கு மேலே இருப்பவர்களுக்கும். பெருமாயி பண்ணைக்குப் போகவில்லை. போன சித்திரையில் வெயிலில் சுருண்டு விழுந்து செத்துப்போனாள். அவளுடைய ஏ.டி.எம். அட்டை ஜீவானந்தத்தின் மேசை இழுப்பறையில் உயிரோடு இருந்தது. ஊராட்சி செயலர் வேலை என்றால் இதையெல்லாம் சுமந்துதான் ஆகவேண்டும் என்று மனைவியிடம் சொல்வான், ஏதோ தியாகம் செய்கிறவன் போல.

மறுநாள் காலை அவளுக்கு முழங்கால் இல்லை.

பல்பைக் கழற்றித் துடைத்து மாட்டினான். ஃபிளெக்ஸைக் கையால் தடவிப் பார்த்தான். ஓடு கொதிக்கிற கோடையில், ஜன்னலே இல்லாத அந்த அறையில், அந்த இடம் மட்டும் பானைத் தண்ணீரில் கை வைத்ததுபோலக் குளிர்ந்து கிடந்தது. மருந்து நெடியையும் ஃபிளெக்ஸ் மையின் வாடையையும் தாண்டி வேறொரு வாசனை மெல்ல வந்தது. ஏரியின் அடிவயிற்றில், வெயிலே படாத இடத்தில் கிடக்கும் சேற்றின் வாசனை. அவளைச் சுற்றி மண் கறுத்து, வட்டமாகக் குழிந்திருந்தது. அக்கம்பக்கத்தில் நின்றவர்கள் எப்போதும்போல் கேமராவைப் பார்த்து நின்றார்கள்.

வெளியே ஓடி, கரையில் ஏறி ஏரியைப் பார்த்தான். வெடித்த தரை. சீமைக்கருவேலம். குழி எதுவும் இல்லை.

அதற்கடுத்த நாள் இடுப்பு போயிருந்தது. அன்றுதான் ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஓவர்சியர் தீனதயாளன் கூப்பிட்டான்.

"திங்கக்கிழம லஞ்ச ஒழிப்புல இருந்து வாராங்களாம். அளவு எழுதற எம்.புக்குல நூத்தைம்பது யூனிட் மண்ணு வெட்டுனதா நான் எழுதிருக்கறேன், நீங்க கூலி போட்டிருக்கறீங்க. அங்க வந்து பாத்தா கோழி சீய்ச்ச பள்ளங்கூட இல்ல."

"இப்ப என்னங்க பண்றது?"

"லாகின் அந்தப் புள்ள பேருலதான? எல்லாம் நாந்தான் செஞ்சேன்னு எழுதி வாங்கிருங்க. இல்லாட்டி நாம ரெண்டு பேரும் உள்ள போயி களி திங்கோணும்."

அந்தப் புள்ள என்றால் பணித்தளப் பொறுப்பாளர் அறிவுச்செல்வி. அவள் குடும்பத்தில் முதன்முதலில் பட்டம் வாங்கினவள். அவள் பேரில் செயலியைத் திறந்து போனை இவன்தான் வைத்திருந்தான். சனிக்கிழமை மத்தியானம் அவளை அலுவலகத்துக்கு வரச்சொன்னான். எழுதித் தயாராக வைத்திருந்த தாளை அவள் பக்கம் நகர்த்தினான்.

"ஒண்ணுமில்ல அம்மிணி. சும்மா ஒரு விளக்கம். ஒரு கையெழுத்து போட்டுரு. கூப்புட்டு நாலு வார்த்த திட்டிப்போட்டு உட்டுருவாங்க."

அவள் வாசித்துக்கொண்டே கேட்டாள். "திட்டறதுக்கு எதுக்குங் சார் லஞ்ச ஒழிப்பு? எங்கம்மாவ வரச்சொன்னாப் போதாதுங்களா? நல்லா வாய் நெறயத் திட்டும்."

"படிச்ச புள்ள, கோவம் வரத்தான் செய்யும். ஆனா லாகின் உம்பேருல இருக்குது பாரு. நானே நெனச்சாலும் உன்னயக் காப்பாத்த முடியாது."

"படிச்சதே இந்த மாதிரி காயிதத்தப் படிச்சுப் பாக்கத்தானுங்க. செத்தவங்க பேருல வருகை போட்டது நாந்தான்னு எழுதிருக்கறீங்க. பெருமாயி அத்தய வண்டில தூக்கிப்போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனவ நானு. அது பேர எடுத்துருங்க எடுத்துருங்கன்னு உங்ககிட்டத் தொங்குனவளும் நானு. செத்து வருசம் திரும்பிருச்சு. இன்னும் அதுகிட்ட வேல வாங்கறீங்க."

"அவ எங்க வேல செஞ்சா. பேருதான அது."

பின்னறையில் தொப்பென்று சத்தம் கேட்டது. ஈர மண்ணில் மம்பட்டி இறங்குகிற சத்தம்.

இருவரும் கதவைப் பார்த்தார்கள்.

"உள்ள யாருங்க?"

"எலி."

"எலி மம்பட்டி புடிக்குதுங்களா?" அவள் எழுந்தாள். தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். "இது எங்கிட்டயே இருக்கட்டுங்க. திங்கக்கிழம வாரவங்ககிட்டயே குடுக்கறேன். அந்தச் சொவுத்துப் படத்தயும் காட்டறேன்."

வண்டிச் சத்தம் கரையிறங்கித் தேய்ந்து போகும்வரை அவன் நாற்காலியைப் பிடித்தபடி நின்றான். படத்தைக் கிழித்து எரித்துவிட்டால் அவளிடம் வெறும் தாள்தான் மிஞ்சும். அவள் சொல்லை யார் நம்புவார்கள். பின்னறைக்குள் போனான். வெளியிலிருந்து யாரும் பார்த்துவிடக் கூடாதென்று கதவை உட்பக்கமாகச் சாத்திக் கீழ்த்தாழ் போட்டான்.

முன்வரிசையில் பெருமாயி இல்லை. அவள் நின்ற இடத்தில் கறுப்பாக, வாய் திறந்த குழி. உள்ளே எங்கேயோ ஆழத்தில் மம்பட்டி இறங்கியது. தொப். கொஞ்சம் மூச்சு வாங்கல். தொப்.

ஃபிளெக்ஸின் மூலையில் நகத்தைக் கொடுத்து இழுத்தான். பிரியவில்லை. சுவரே ஈரமாகிப் பிசுபிசுவென்று விரலோடு வந்தது.

சத்தம் நின்றது.

குழிக்குள்ளிருந்து இரண்டு கைகள் மேலே வந்தன. முழங்கை வரை சேறு. தலைக்கு மேலே தூக்கிப் பிடித்த இரும்புச் சட்டி, அதில் குவித்த மண். ஏரி வேலையில் கீழே நிற்பவள் தூக்கிக் கொடுப்பாள், மேலே நிற்பவன் வாங்கிக் கொட்டுவான். அப்படித்தான் அது நீண்டது. படத்தைத் தாண்டி நீண்டது. அறைக்குள் நின்றது. காத்திருந்தது.

அவன் மூட்டையோடு ஒட்டிக்கொண்டான். அசையவில்லை.

வாங்க ஆள் வராததால் கைகள் இன்னும் உயர்ந்தன. கைகளுக்கு நடுவே நரைத்த வகிடு தெரிந்தது. நெற்றி மேலே வரத் தொடங்கியது.

பாய்ந்து சட்டியை வாங்கினான். கனத்தது. குளிர்ந்தது. தலை கீழே இறங்கியது.

மண்ணைப் பின்னால் கொட்டினான். திரும்புவதற்குள் அடுத்த சட்டி. கொஞ்சம் தாமதித்தான். வகிடு. நெற்றி. வாங்கினான். தலை இறங்கியது.

அடுத்தது. அடுத்தது.

கத்திப் பார்த்தான். யாருமில்லை. சனிக்கிழமை. கதவுப் பக்கம் ஓரடி வைத்தான், அந்த ஓரடிக்குள் புருவம் வரை வந்துவிட்டது. ஓடி வந்து வாங்கினான். கணுக்கால் வரை மண். கதவின் கீழ்த்தாழ்ப்பாளுக்கு மேலே மண். உள்பக்கம் திறக்கும் கதவு. முழங்கால் வரை. மூட்டைகள் மூடிப்போயின. பல்பு மட்டும் ஓட்டுக்கடியில் எரிந்தது. படத்தில் நின்றவர்கள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இடுப்பு வரை.

நெஞ்சு வரை.

இரண்டு கையிலும் நிறைந்த சட்டி. கொட்ட இடமில்லை. கால் அசையவில்லை. கீழே வைக்கவும் முடியவில்லை. அடுத்த சட்டியும் வந்துவிட்டது, எதிரே நின்றது, காத்திருந்தது. வாங்கக் கை இல்லை.

வகிடு. நெற்றி. புருவம்.

பிறகு கண்கள், மண் அப்பி, இமைக்காமல், அவனையே பார்த்தபடி இன்னும் மேலே வந்துகொண்டிருந்தன.